வெயிலும் குருதிச் சர்க்கரையும்

நுழையும்முன்

ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாடு நம் நாடு. ஆயினும், வெயிலால் உடலில் உருவாகும் சத்து ஒன்று நம் மக்களுள் பலருக்குப் போதிய அளவில் இல்லை. அதே மக்களிடையே நீரிழிவு நோயும் பெருகி வருகிறது. இவ்விரண்டும் உறவுடையனவா? உறவுடையன எனில், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா? காவிரிப் படுகையின் வாழ்க்கை மாற்றத்தை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

வயலில் நிகழ்ந்த மாற்றம்

மேட்டூர் அணையைச் சூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கடைமடை நோக்கிச் செல்லும்போது குறுவைப் பணிகள் தொடங்குகின்றன. பின்னர்ச் சம்பா, தாளடி என நெற்பருவங்கள் தை, மாசி வரை நீள்கின்றன.

இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர் இப்பருவங்கள் யாவும் மனித உடலின் உழைப்பால் நடந்தன. ஏர் பூட்டி உழுதவரும் வரப்பு வெட்டியவரும் நாற்றுமுடி சுமந்தவரும் வெயிலில் நின்றனர். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டனர், களை பறித்தனர். அரிவாளால் அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் களத்திற்குக் கொண்டு சென்றனர், அங்கே அடித்தனர், அடித்த தாளை மாடு கட்டிப் போரடித்தனர். நெல்லை அரிசியாக்குவதும் உலக்கையின் வேலையாகவே இருந்தது. இன்று உழவும் அறுவடையும் ஏறத்தாழ முழுமையாக இயந்திரத்தின் வசம் வந்துவிட்டன. நடவும் பல ஊர்களில் இயந்திரத்தால் நடக்கிறது. சில ஊர்களில் நாற்றே விடாமல் நேரடியாக விதைக்கின்றனர். பத்துப் பதினைந்து பேர் ஒரு பகல் முழுவதும் அறுத்த வயலை அறுவடை இயந்திரம் ஓரிரு மணி நேரத்தில் அறுத்து, நெல்லை வண்டியில் கொட்டிவிட்டுச் செல்கிறது.

இம்மாற்றத்தைக் குறை கூறுவதற்கில்லை. சேற்றில் காலூன்றி, இடுப்பொடியக் குனிந்து நட்ட தாய்மாரைக் கேட்டால், அக்காலம் திரும்ப வேண்டும் என்று அவருள் எவரும் சொல்லமாட்டார். ஆனால், உடல் தன் கணக்கைத் தனியாக எழுதி வைக்கிறது. உழைப்பு குறைந்தது, வெயிலில் நிற்கும் நேரம் குறைந்தது, சோற்றின் அளவு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

இதன் விளைவைப் புள்ளிவிவரங்களில் காணலாம். 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 2.1 பேருக்கும் ஊரகத்தில் நூற்றுக்கு 1.5 பேருக்குமே நீரிழிவு காணப்பட்டது. அக்கழகத்தின் துணையோடு, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2011இல் வெளிவந்தன. அப்போது தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 13.7 விழுக்காட்டினருக்கும் ஊரகங்களில் 7.8 விழுக்காட்டினருக்கும் இந்நோய் இருந்தது. 2023இல் வெளியான நிறைவு முடிவுகளின்படி தமிழ்நாட்டின் விகிதம் 14.4 விழுக்காடு. படுகையின் கடலோரப் பகுதியான காரைக்காலைத் தன்னுள் கொண்ட புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அது 26.3 விழுக்காடு. ஆய்வுகளின் முறைகள் வேறுபடுவதால் இவ்வெண்களை ஒன்றோடொன்று நேர்ப்படக் கழித்துப் பார்த்தல் ஆகாது. எனினும், நோய் செல்லும் திசை ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. ஒரு காலத்தில் ‘பணக்காரர் நோய்’ எனப்பட்டது இன்று கூலி வேலைக்குச் செல்வோர் வீட்டிலும் உள்ளது.

இப்பாடத்தில் நீரிழிவு என்று குறிப்பிடப்படுவது இரண்டாம் வகை நீரிழிவே. இவ்வகையில் இன்சுலின் சுரந்தாலும் தசைகளும் கல்லீரலும் அதற்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. அதனை ஈடுசெய்ய மிகுதியாகச் சுரந்து சுரந்து, கணையமும் நாளடைவில் தளர்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதும் தோன்றும் முதல் வகை நீரிழிவு வேறு. அதன் காரணமும் வேறு.

தோலில் தொடங்கும் வேதியியல்

வைட்டமின் டி, பெயரால் உயிர்ச்சத்து, செயலால் ஹார்மோன். ஏனைய உயிர்ச்சத்துகளை உணவிலிருந்தே பெறுகிறோம். இதனையோ, உடல் தானே ஆக்கிக்கொள்ள வல்லது. தோலில் உள்ள 7-டீஹைட்ரோ கொலஸ்டிரால் என்னும் பொருளின்மீது, சூரிய ஒளியில் அடங்கிய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர்கள் படும்போது அதன் வேதிப்பிணைப்பு ஒன்று பிளவுறுகிறது. பின் உடலின் வெப்பத்தால் அது மெல்ல வைட்டமின் டி3 ஆக மாறிக் குருதியில் கலக்கிறது. கல்லீரல் அதன்மேல் ஒரு மாற்றத்தைச் செய்து 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆக்குகிறது. ஆய்வகத்தில் குருதியைக் கொடுத்து நாம் அளந்துகொள்வது இதனைத்தான். சிறுநீரகம் இன்னொரு மாற்றத்தைச் செய்த பின்னரே அது முழுச் செயல் திறன் பெறுகிறது.

குடல், உணவிலுள்ள கால்சியத்தை ஈர்த்துக்கொள்ள இச்சத்து வேண்டும். அஃதில்லையேல் குழந்தைகளின் எலும்பு மென்மையுற்றுக் கால்கள் வளைகின்றன. இந்நோய் ரிக்கெட்ஸ் எனப்படும். 1822ஆம் ஆண்டிலேயே போலந்து நாட்டு மருத்துவர் சினியாடெக்கி, வார்சா நகரக் குழந்தைகளிடம் மிகுந்திருந்த இந்நோய், வயல்வெளியில் வளரும் நாட்டுப்புறக் குழந்தைகளிடம் அரிதாக இருந்ததைக் கண்டு, வெயிலே மருந்து என்றார். நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1920களின் தொடக்கத்தில் பம்பாய் மாகாணத்தில் ஆராய்ந்த மருத்துவர்கள், வெளியில் சென்று உழைத்த ஏழை மக்களைவிட, முகத்திரையிட்டு வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த வசதி படைத்த குடும்பங்களில்தான் எலும்பு மென்மை நோய் மிகுதி என்று கண்டனர். உணவு மிகுந்திருந்தும் வெயில் இல்லை. குறை அங்கே நேர்ந்தது.

எலும்பின் சத்து எனக் கருதப்பட்ட ஒன்று சர்க்கரை நோயின் கதைக்குள் நுழைந்தது 1980இல். வைட்டமின் டி இல்லாத உணவில் வளர்க்கப்பட்ட எலிகளின் கணையம், குளுக்கோஸ் வந்தபோது வழக்கத்தைவிடக் குறைவாக இன்சுலினைச் சுரப்பதாக அமெரிக்க அறிவியலாளர் நார்மனும் அவர்தம் குழுவினரும் அறிவித்தனர். இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் வைட்டமின் டியை ஏற்கும் ஏற்பிகள் உள்ளன என்பதும் அறியப்பட்டது. பூட்டு இருக்கிறது என்றால் சாவிக்கு அங்கே வேலை இருக்க வேண்டும் அன்றோ? இன்சுலின் வெளிப்படுவதற்குக் கால்சியம் தேவை என்பதால், இந்தக் கருத்து மேலும் வலுப்பெற்றது.

வெயிலுள்ள ஊரில் பற்றாக்குறை

தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 11 பாகை வடக்கே உள்ளது. இவ்வூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எனவே, இந்தியர்க்கு வைட்டமின் டி குறைபாடு நேராது என்றே நெடுங்காலம் மருத்துவ நூல்கள் கருதின. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தில்லி ஆய்வொன்று அக்கருத்தை அசைத்தது. நலமுடன் இருந்தோரின் குருதியை ஆராய்ந்தபோது, திறந்தவெளியில் பயிற்சி பெற்ற படைவீரர்களிடம் இச்சத்து ஓரளவு நன்றாகவே இருந்தது. மருத்துவமனைக் கட்டடத்திற்குள் நாள் முழுவதும் பணியாற்றிய மருத்துவர், செவிலியரிடம் மிகக் குறைந்திருந்தது. பிறருக்குக் குறைபாட்டை எடுத்துரைப்போரே குறைபாட்டுடன் இருந்தனர்!

தமிழ்நாட்டை ஒட்டிய திருப்பதிப் பகுதியில் மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வுகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. வயலில் உழைத்த ஊரக மக்களின் அளவு, நகர மக்களின் அளவைவிடக் கூடுதலாக இருந்தது. ஆயினும், போதிய அளவை எட்டிய ஊரக மக்களும் சிறுபான்மையினரே. கால்சியம் குறைந்து, தானியத்தின் ஃபைட்டேட் மிகுந்த உணவும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். மற்றொரு முடிவு நம் வழக்கமான எண்ணத்திற்கு மாறானது. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலிலேதான் இச்சத்து மிகுதியாக உருவாகிறது என்பதே அது.

‘இளவெயிலில் நில், வைட்டமின் டி கிடைக்கும்’ என்று பலரும் அறிவுரை கூறுகின்றனர். இளவெயில் இதமானது, நடைப்பயிற்சிக்கு ஏற்றது. ஆனால், காலையிலும் மாலையிலும் கதிரவன் சாய்ந்திருப்பதால், ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகிறது. புற ஊதா பி கதிர்களில் பெரும்பகுதி வழியிலேயே வடிக்கப்பட்டுவிடுகிறது. இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீண்டிருக்கும் வேளையில் வைட்டமின் டி மிகக் குறைவாகவே உருவாகும். நிழல் குறுகியிருக்கும் வேளையில் நன்கு உருவாகும். கண்ணாடிச் சன்னலின் வழியே வரும் வெயிலால் பயனில்லை. கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும்.

அவ்வாறாயின், வெயிலில் வேலை செய்வோருக்கும் ஏன் குறைபாடு? நம் படுகையின் வயல்களைக் கூர்ந்து நோக்கினால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும். நடவுக்கும் களைபறிப்புக்கும் செல்லும் பெண்கள், சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்கின்றனர். வெயிலின் கொடுமையிலிருந்து தப்ப அவர்கள் கண்ட அறிவார்ந்த வழி அது. ஆனால், வெயில் தொடும் தோலின் பரப்பு அதனால் முகமும் புறங்கையுமாகச் சுருங்கிவிடுகிறது. கருந்தோலில் மிகுந்துள்ள மெலனின் நிறமி, தோல் புற்றிலிருந்து காக்கும் கவசம். அக்கவசமே புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலால், வெள்ளைத் தோலினரைவிட நமக்குக் கூடுதல் நேரம் தேவை. மாணவரின் நிலை இதனினும் வேறு. காலையில் பேருந்து, பின் வகுப்பறை, மாலையில் தனிப்பயிற்சி, இரவில் கைப்பேசி என்று கழியும் நாளில் நிழல் குறுகும் வேளை முழுவதும் கூரையின் கீழேயே கழிகிறது.

உணவின் வழியாகப் பெறுவதும் எளிதன்று. மத்தி, கானாங்கெளுத்தி முதலிய கொழுப்பு மிகுந்த மீன்களில் இச்சத்து உண்டு. நாகப்பட்டினம் கரையில் இவை மலிவாகவும் கிடைக்கின்றன. முட்டையின் மஞ்சட்கருவில் சிறிதளவு உண்டு. சோற்றிலும் பருப்பிலும் காய்கறியிலும் இல்லை எனலாம்.

தெரிந்து தெளிவோம்

குருதியின் ஒரு மில்லிலிட்டரில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழிருந்தால் அதனைக் குறைபாடு என்று கொள்வது பரவலான வழக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 600 பன்னாட்டு அலகு வைட்டமின் டி தேவை. 40 பன்னாட்டு அலகு சேர்ந்தது ஒரு மைக்ரோகிராம்.

சேர்ந்து வருவன எல்லாம் காரணமாகுமா?

2013இல் ஆய்வாளர்கள் 21 தொடர் ஆய்வுகளை ஒன்றுதிரட்டினர். அவற்றில் இடம்பெற்றோர் 76,000க்கும் மேற்பட்டோர். அவர்களின் வைட்டமின் டி அளவை முதலில் குறித்துக்கொண்டு, பிற்காலத்தில் எவருக்கெல்லாம் நீரிழிவு வந்தது என நோக்கினர். மிகக் குறைந்த அளவுடையோரைவிட மிகுந்த அளவுடையோருக்கு நோய் வரும் வாய்ப்பு 38 விழுக்காடு குறைவு என்று தெரிந்தது. இதனைக் கேட்டவுடன், ‘மாத்திரை உண்டால் நீரிழிவு வாராது’ என்று கூறத் தோன்றும். நாளிதழ்த் தலைப்புகள் அவ்வாறே கூறவும் செய்தன.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். தவளை கத்துகிறது, அன்றிரவே வாய்க்காலில் நீர் பெருகுகிறது. இவ்வாறு நூறு முறை நிகழ்ந்தாலும் தவளையின் கத்தலால் வாய்க்கால் நிரம்பியது என்று நாம் கூறுவதில்லை. இரண்டுக்கும் காரணம் மழை. வைட்டமின் டி குறைவும் நீரிழிவும் சேர்ந்து வருவதற்குப் பின்னேயும் ஒரு மழை இருக்கலாம்.

உடற்பருமனை எடுத்துக்கொள்வோம். வைட்டமின் டி கொழுப்பில் கரையும் பொருள். உடலில் கொழுப்பு மிகுந்தால் இச்சத்து அதற்குள் பரவித் தங்கிவிடுகிறது. குருதியில் அளவு குறைந்து காணப்படுகிறது. அதே கொழுப்பு, குறிப்பாக வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, இன்சுலினின் செயலைத் தடுத்து நீரிழிவை வரவழைக்கிறது. இங்கே குறைந்த வைட்டமின் டி நோயின் காரணமன்று, கொழுப்பின் அடையாளம். உழைப்பும் அவ்வாறே. வெளியில் சென்று நடப்பவர், உழைப்பவர், விளையாடுபவர் வெயிலையும் பெறுகிறார். தசைகளுக்கு வேலையும் கொடுக்கிறார். அவருக்கு நோய் வாராமைக்கு வெயில் காரணமா, வேலை காரணமா என்பதைக் குருதிச் சோதனை ஒன்றால் கூற இயலாது. படுகையின் வயல்களில் நிகழ்ந்த மாற்றத்தை முதலில் விரிவாகக் கூறியது இதன்பொருட்டே. வெயிலும் உழைப்பும் அங்கே ஒன்றாக இருந்தன, ஒன்றாகக் குறைந்தன.

மூன்று நாடுகளின் சோதனை

காரணத்தை அடையாளத்திலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒத்த நிலையினரைத் திரட்டிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவினருக்கு மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய, மருந்தற்ற மாத்திரையும் தர வேண்டும். எவர் எதனைப் பெற்றார் என்பது தருவோருக்கும் பெறுவோருக்கும் தெரியக்கூடாது. குலுக்கலால் பிரிக்கும்போது பருத்தோர், மெலிந்தோர், உழைப்போர், உழையாதோர் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக அமைந்துவிடுவர். எஞ்சும் வேறுபாடு மருந்து ஒன்றே.

இத்தகைய சோதனைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. மூன்றிலும் பங்கேற்றோர் ‘நீரிழிவின் முந்துநிலை’யில் இருந்தவர்கள். அதாவது, அவர்தம் குருதிச் சர்க்கரை இயல்பைவிட மிகுந்தும் நோயின் எல்லையை எட்டாமலும் இருந்தது. முதற்சோதனை நார்வே நாட்டின் துரோம்சோ நகரில் நடந்தது. அது வடதுருவ வட்டத்திற்கு அப்பாலுள்ள ஊர். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரு திங்கள் கதிரவன் அங்கே உதிப்பதே இல்லை. 511 பேர் பங்கேற்றனர். கிழமைக்கு 20,000 பன்னாட்டு அலகு தரப்பட்டது. ஐந்தாண்டுகளில் மருந்து பெற்ற 256 பேருள் 103 பேருக்கும், பெறாத 255 பேருள் 112 பேருக்கும் நீரிழிவு வந்தது. இரண்டாவது, அமெரிக்காவில் 22 மையங்களில் நடந்து 2019இல் முடிவு வெளியான பெருஞ்சோதனை. 2,423 பேருக்குச் சராசரியாக இரண்டரை ஆண்டுக்காலம், நாளொன்றுக்கு 4,000 அலகு அல்லது மருந்தற்ற மாத்திரை தரப்பட்டது. மருந்துப் பிரிவில் 293 பேரும் மற்றதில் 323 பேரும் நீரிழிவுக்கு ஆளாயினர். மூன்றாவது, சப்பான் நாட்டில் 1,256 பேரிடம் வைட்டமின் டியின் செயற்கை வடிவமொன்றைக் கொண்டு நடத்தப்பட்டது.

மூன்றிலும் மருந்துப் பிரிவில் நோயாளர் சற்றுக் குறைவு. ஆனால், அவ்வேறுபாடு தற்செயலால் நேர்ந்திருக்கக்கூடிய அளவுக்குச் சிறிது. ஆதலால், தனித்தனியே நோக்குங்கால் மூன்றும் ‘பயன் நிறுவப்படவில்லை’ என்றே முடிந்தன. பின் மூன்று குழுக்களின் தலைவர்களும் தம் தரவுகளை ஒன்றாக்கி 2023இல் வெளியிட்டனர். அப்போது தெளிவு பிறந்தது. வைட்டமின் டி, நீரிழிவு வரும் வாய்ப்பை 15 விழுக்காடு குறைத்தது.

பதினைந்து விழுக்காடு என்பது பெரிதாக ஒலிக்கிறது. அதனை வேறு வகையில் கூறிப் பார்ப்போம். மூன்றாண்டுகளில், மருந்து உண்ணாத நூறு பேருள் 25 பேருக்கு நோய் வந்தது. உண்ட நூறு பேருள் ஏறத்தாழ 22 அல்லது 23 பேருக்கு வந்தது. தொகுப்பாளர்கள் பிற வேறுபாடுகளையும் கணக்கிற்கொண்டு, குறைவு நூற்றுக்கு 3.3 எனக் கண்டனர். அதாவது, முந்துநிலையில் உள்ள முப்பது பேர் மூன்றாண்டுகள் நாள்தோறும் உண்டால் ஒருவருக்கு நோய் தவிர்க்கப்படுகிறது. இரண்டும் உண்மையே. ஆனால், முதலாவது விளம்பரத்திற்கு ஏற்றது. இரண்டாவது முடிவெடுப்பதற்கு ஏற்றது. விழுக்காட்டைக் கண்டால் ‘எத்தனை பேருள் எத்தனை பேர்?’ என வினவும் பழக்கத்தை மாணவர் கைக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிற்கு முதன்மையான செய்தி ஒன்றும் அமெரிக்கச் சோதனையில் உள்ளது. அதில் பங்கேற்றோருள் நால்வரில் மூவருக்கு மேற்பட்டோர் தொடக்கத்திலேயே 20 நானோகிராமுக்குக் குறையாத அளவைப் பெற்றிருந்தனர். நிறைந்த குடத்தில் நீர் வார்ப்பதால் என்ன தெரியவரும்? 12 நானோகிராமுக்கும் கீழிருந்த ஏறத்தாழ நூறு பேரை மட்டும் பின்னர்த் தனியே எடுத்து நோக்கியபோது பயன் மிகுதியாகத் தெரிந்தது. பிந்தைய பகுப்பாய்வு என்பதாலும் எண்ணிக்கை சிறிது என்பதாலும் இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. குறைபாடு மிகுந்த நம் மக்களிடையே இதே அளவில் ஒரு சோதனை நடைபெறுதல் எத்துணைத் தேவை என்பதை மட்டும் இது காட்டுகிறது.

சென்னை காட்டிய வழி

இனி, நம் மண்ணில் நடந்த ஒன்றைக் காண்போம். மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முந்துநிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றனர். மற்றொரு பிரிவினர் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டனர். நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் விரைந்து நடந்தனர். சர்க்கரை, கொழுப்பு, தீட்டிய தானியம் ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டினர். ஏற்கெனவே உடலுழைப்பு உடையோர் அதனைத் தொடருமாறு கூறப்பட்டனர். வேறு இரு பிரிவினருள் ஒன்றுக்கு மெட்ஃபார்மின் மருந்தும், மற்றொன்றுக்கு மருந்தோடு வாழ்க்கைமுறை மாற்றமும் தரப்பட்டன.

மூன்றாண்டுகளில், அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயினர் ஆயினர். வாழ்க்கைமுறையை மாற்றிய பிரிவில் அது நூற்றுக்கு 39.3. மருந்துப் பிரிவுகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பயனில்லை. முந்திய கணக்கின்படி கூறினால், ஆறு அல்லது ஏழு பேர் மூன்றாண்டுகள் நடந்தால் ஒருவருக்கு நோய் தவிர்க்கப்படுகிறது. அங்கே முப்பது, இங்கே ஆறு அல்லது ஏழு. மக்களும் காலமும் வேறாதலின் இவ்விரு எண்களையும் ஒரே தராசில் வைப்பது முற்றும் முறையாகாது. ஆயினும், எது பெரிய நெம்புகோல் என்பது விளங்குகிறது.

நெல் விளையும் நாட்டில் சோற்றைப் பேசாது இவ்வாய்வை முடிக்க இயலாது. 21 நாடுகளைச் சேர்ந்த 1,32,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு, வெள்ளை அரிசிச் சோற்றின் அளவையும் நீரிழிவையும் ஒப்பிட்டது. தென்னாசியாவில், நாளொன்றுக்கு 150 கிராமுக்குக் குறைவாகச் சோறு உண்டோரைவிட 450 கிராமோ அதற்கு மேலோ உண்டோருக்கு நோய் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு மிகுதி. ஒரு கிண்ணச் சோறு ஏறத்தாழ 150 கிராம். வயலில் பகல் முழுவதும் உழைத்தவருக்கு மூன்று கிண்ணம் பெரிதன்று. அதை எரிக்கும் உழைப்பு அவரிடம் இருந்தது. அமர்ந்து பணியாற்றுபவருக்கு அது எரியாத விறகு. இவ்வாய்வும் ‘சேர்ந்து வருதலை’ நோக்கிய ஆய்வே என்பதை நினைவிற் கொள்க.

இதனால், சோறு நஞ்சு என்று பேசுவதும் மிகை. ‘இந்த நெல்லை உண்டால் சர்க்கரை நோய் தீரும்’ என்று ஒரு பழைய நெல்வகையின் பெயரைச் சொல்லி விற்பதும் மிகையே. எவ்வகை நெல்லாயினும் பளபளப்பாகத் தீட்டினால் தவிடு போகிறது, நார்ச்சத்து போகிறது, எஞ்சுவது விரைந்து சர்க்கரையாகும் மாவுப்பொருள். சம்பா அறுவடைக்கு முன் ஈர வயலில் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளித்து விதைப்பது படுகை உழவரின் வழக்கம். மண்ணுக்கு வளம் சேர்க்கும் அப்பயறுகள் தட்டிலும் சோற்றின் இடத்தில் ஒரு பங்கைப் பெற்றால், வேறு நாட்டுத் தானியத்தைத் தேட வேண்டுவதில்லை.

மருந்துக்கடைக்குச் செல்லுமுன்

வைட்டமின் டியை நாமே வாங்கி உண்ணலாமா? உடல், மிகுதியான வைட்டமின் சியைச் சிறுநீரில் கழித்துவிடுவதுபோல் இதனைக் கழித்துவிடுவதில்லை. கொழுப்பில் சேர்த்து வைக்கிறது. கிழமைக்கு ஒன்றாகச் சில கிழமைகளுக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தரும் 60,000 அலகு மாத்திரையை நாள்தோறும் என எண்ணி உண்போர் உண்டு. அளவு மீறினால் குருதியில் கால்சியம் பெருகுகிறது. வாந்தி, சோர்வு, சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு என அது நீளக்கூடும். நீரிழிவால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இது இரட்டைத் துன்பம்.

2024இல் எண்டோகிரைன் சொசைட்டி என்னும் பன்னாட்டு மருத்துவர் அமைப்பு வெளியிட்ட நெறிமுறை இவ்வாய்வுகளை எல்லாம் எடைபோட்டது. நீரிழிவின் முந்துநிலையில் இடர் மிகுந்த வளர்ந்தோர், வாழ்க்கைமுறை மாற்றத்தோடு சேர்த்து வைட்டமின் டியையும் பெறலாம் என்று அது கூறுகிறது. நலமுடன் இருக்கும் எல்லாரும் வழக்கமாகக் குருதியில் இச்சத்தை அளந்து பார்க்க வேண்டுவதில்லை என்றும் கூறுகிறது. ஏற்கெனவே நீரிழிவு வந்தவர், இம்மாத்திரையை நம்பித் தம் மருந்தை நிறுத்துவதற்கு எந்த ஆய்விலும் இடமில்லை. குறைபாட்டால் எலும்பும் தசையும் நோவோருக்கு மருத்துவம் தேவை என்பதில் கருத்து வேறுபாடில்லை. அது நீரிழிவினின்றும் தனியான வழக்கு.

முந்துநிலையில் இருப்போருக்குப் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. குருதிச் சர்க்கரையை அளந்தாலன்றி அதனை அறிய இயலாது. 2021 ஆகத்து 5ஆம் நாள் கிருட்டினகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர்கள், வீடுதோறும் சென்று நீரிழிவு, குருதி அழுத்தம் ஆகியவற்றைக் கண்டறிந்து, மருந்தையும் இல்லத்திலேயே வழங்குகின்றனர். ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் இச்சோதனைக்குக் கட்டணம் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பின், அவ்வீட்டின் வளர்ந்த பிள்ளைகளும் அளந்துகொள்ளுமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி விளையாட்டுத் திடலில் ஒரு கோலை நட்டு, காலை 8, 10, நண்பகல் 12, பிற்பகல் 2, 4 மணிகளில் அதன் நிழலை அளந்து அட்டவணைப்படுத்துக. எவ்வேளைகளில் நிழல் கோலைவிடக் குறுகியது எனக் குறிப்பிடுக.

2. உங்கள் ஊரில் அறுபது வயதைக் கடந்த உழவர் அல்லது உழத்தியர் ஒருவரிடம் அவர்தம் இளமைக்கால வேலைநாள், உணவு, உடை ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘இதனை உண்டால் நோய் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு குறையும்’ என்னும் விளம்பரத்தைப் படிப்பவர், அதனை நம்பும்முன் எழுப்ப வேண்டிய வினாக்களை வகுப்பில் கலந்துரையாடுக.